லாபிஸைச் சுற்றி இருபது கிலோமீட்டர்

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது. ஆனால் அன்று ஜொகூர் பாரு மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

"உங்கள் அம்மாவுக்கோ, கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த மாதிரி இருந்திருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை, அம்மாவுக்கு இனிப்புநீர் நோய் மட்டும்தான்" என்று அக்கா பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரை இன்னொரு முறை படித்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "தெரியாது டாக்டர்" என்று மெதுவாகத் திருத்திச் சொன்னாள்.

என் அக்கா சீனப் பெண். பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தையை அம்மா லாபிஸில் ஒரு சீனக் குடும்பத்திடமிருந்து வாங்கி வந்தார். அப்போது அம்மாவும் அப்பாவும் லாபிஸுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. பிள்ளை எடுத்து வளர்த்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்று தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லாரும் சொன்னார்கள். அது பலிக்க ஆறு வருஷம் ஆனது. பலித்ததுதான் நான். "உன் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான்டி நீ வந்தே" என்று அம்மா சொல்வார்.

அம்மா விடியுமுன்னே ரப்பர் காட்டுக்குப் போய்விடுவார். என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பசியாற வைத்து, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது அக்காதான். பள்ளியில் அவளை எல்லாரும் 'அமோய்', சீனப் பெண், என்று கூப்பிட்டார்கள். அவள் கோபப்பட்டதில்லை. கடைகளில் சீனர்கள் அவளிடம் சீனத்தில் பேசுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொல்வாள். அவளுக்குச் சீனத்தில் ஒரு வார்த்தை வராது. தமிழில் என்னைவிடத் தெளிவாகப் பேசுவாள். அவள் கையில் நான் ஒரு நாளும் வேற்று ஆளாக இருந்ததில்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அப்போதும், இவ்வளவு வயதான பிறகும், என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, காரில், அவளாகவே பேச்செடுத்தாள்.

"பாப்பா, அவங்களைத் தேடிப் பார்க்கலாமா?"

"யாரை?" என்றேன், தெரிந்துகொண்டே.

"லாபிஸ்காரங்களை. சும்மா தெரிஞ்சிக்கத்தான். அம்மா இருந்தவரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப அம்மாவும் இல்ல."

அம்மா போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எங்களிடம் இருந்த விவரம் கொஞ்சம்தான். பிறப்புச் சான்றிதழில் எங்கள் அம்மா அப்பா பெயரே இருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் பதிந்தார்கள். லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. ஆறாவது பெண் பிள்ளை. ஜாதகம் சரியில்லை, வீட்டில் வைத்துக்கொண்டால் தகப்பனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா ஒரே ஒரு காட்சியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "புள்ளையக் கையில குடுத்துட்டு அந்தப் பொம்பள உள்ள போயிட்டா. நாங்க ரோட்டுக்கு வந்துட்டோம். பின்னாலேயே ஓடி வர்றா. குடுத்ததைத் திருப்பிக் கேக்கத்தான் வர்றாளோன்னு எனக்கு உயிரே போச்சு. பால் புட்டியைக் குடுக்க மறந்துட்டாளாம். அதைக் கையில குடுத்துட்டு அப்படியே நின்னா."

அக்கா என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் உலு திராமில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னால் சமூக ஊடகத்தில் என் பக்கத்துக்கு விளம்பரம் போடுவேன். தைத்த ரவிக்கையின் படம், பக்கத்தில் கூலி விவரம். எங்கே காட்ட வேண்டும், எந்த வயதுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், எத்தனை நாள் என்று அது கேட்கும். உலு திராமை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுவேன். கடன் அட்டை என்னிடம் கிடையாது. கைப்பேசியில் இருக்கும் மின்பணப்பையிலிருந்து கட்டிவிடுவேன். கடையில் காய்கறிக்குக் காசு கொடுப்பதுபோல், ஆறு எண்களைத் தட்டினால் முடிந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"நீ பிளவுஸுக்குப் போடற மாதிரி எனக்கும் ஒண்ணு போட முடியுமா? லாபிஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி" என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் பெர்மாஸ் ஜெயாவில் அவள் வீட்டில் உட்கார்ந்து போட்டோம். அவளுடைய இரண்டு படங்கள்: ஒன்று ஐந்து வயதில் பாவாடை சட்டையுடன் லயத்து வாசலில் நின்றது, மற்றொன்று அவள் வேலை செய்யும் பள்ளி உணவகத்தில் எடுத்தது. மலாயில் நான் எழுதினேன். என் பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சீன ஆசிரியை அதைச் சீனத்தில் எழுதித் தந்தார். நான் முதலில் 'சீனக் குழந்தை' என்று எழுதியிருந்தேன். இனத்தைக் குறிப்பிடுவதாக விளம்பரம் திரும்பி வந்துவிட்டது. அந்த வார்த்தையை எடுத்தேன்.

"எடுத்துட்டுப் போ. என் மூஞ்சி சொல்லாதா?" என்றாள் அக்கா.

வரைபடத்தில் உலு திராமில் குத்தியிருந்த ஊசியை இழுத்துக்கொண்டே போய் லாபிஸில் வைத்தேன். வட்டத்தை இருபது கிலோமீட்டருக்கு விரித்தேன். பெக்கோக் பக்கம் வரை நீல நிறம் படர்ந்தது. வயது, முப்பதுக்கு மேல். ஏழு நாள். ஆறு எண்களைத் தட்டினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய், காரணமே இல்லாமல், கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடியும் கழுவினாள்.

விளம்பரம் ஓடத் தொடங்கியது. நிறையப் பேர் பார்த்தார்கள். ஒருவர் அக்காவின் பிறந்த தேதியில் நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போவதாக எழுதியிருந்தார். ஒருவர் அந்த உணவகத்தில் என்ன விலைக்கு நாசி லெமாக் சோறு விற்கிறது என்று கேட்டார். பலர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். தினமும் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா கூப்பிடுவாள்.

"பாப்பா, எதாச்சும் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"சரி சரி. நாள் இருக்குல்ல."

அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் கல்யாணத்தின்போதுகூடக் கேட்டதில்லை. அது என்னை என்னவோ செய்தது. ஒருநாள் பெர்மாஸ் ஜெயாவில் இருவரும் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம். வயதான ஒரு அம்மாள் தன் மகளுக்கு மீனில் முள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். "நம்ம அம்மாவும் இப்படித்தானே எடுத்து வைப்பாங்க" என்றேன். "ஆமா" என்றாள், திரும்பாமலே.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பட்டு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் என் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. மலாயில் நீளமாக எழுதியிருந்தது. எழுதியவர் லாபிஸில் ஒரு வீட்டின் கடைசி மருமகள்.

அவருடைய மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது. முன்பு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த குடும்பம். மாமனார் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. மருமகள் கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருக்கும்போது இந்த விளம்பரம் வந்திருக்கிறது. யோசிக்காமல் மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். 'அன்றிலிருந்து அத்தை சாப்பிடுவதில்லை, அழுதுகொண்டே இருக்கிறார். அவருக்கு இருதயம் சரியில்லை. என் கணவரும் அவர் அண்ணன்களும் இந்தப் பழைய கதை ஊருக்குத் தெரிவதை விரும்பவில்லை. உங்கள் அக்கா நன்றாக இருக்கிறார் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தயவு செய்து இதை அழித்துவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.'

நான் அதை மூன்று முறை படித்தேன். இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அக்கா எங்கும் போக மாட்டாள். அம்மா அப்பா போன பிறகு, நான் சின்னப் பிள்ளையாக இருந்ததை அறிந்த ஒரே ஆள் அவள்தான். அவளையும் இன்னொரு வீட்டுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை. அந்த நிம்மதி வந்த பிறகுதான் மற்றக் காரணங்கள் எல்லாம் வந்தன. அந்தக் கிழவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் மேல் வரும். அக்காவிடம் சொன்னால், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றார்களா என்று உடைந்துபோவாள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவை பின்னால் வந்தவை.

அன்றே விளம்பரத்தை நிறுத்தி, பதிவையும் அழித்துவிட்டேன். 'அழித்துவிட்டேன்' என்று மருமகளுக்கு எழுதினேன். 'நன்றி, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்' என்று பதில் வந்தது.

மாலையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தியைப் படித்துவிட்டு, "அக்காகிட்ட சொல்லிடு. இது அவங்க விஷயம்" என்றார்.

"சொல்றேன்" என்றேன்.

அக்கா கூப்பிட்டபோது, "இன்னும் ஒண்ணும் வரலக்கா" என்றேன். ஏழாம் நாள், "நாள் முடிஞ்சிருச்சுக்கா. யாரும் வரல" என்றேன்.

பின்னணியில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் ஏறவில்லை போலிருக்கிறது. சத்தம் தள்ளிப் போனது.

"ஒரு வாரம் பத்தாது போல. அங்க எல்லாம் வயசானவங்க, போனே பாக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் போடுவோம் பாப்பா. இந்தத் தடவை நான் காசு தரேன்."

"காசு என்னக்கா..."

"இல்லலா, உன் தையல் காசை எத்தனை தடவை போடுவே."

அக்காவிடம் அதுவரை மின்பணப்பை கிடையாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது அவனிடம் கேட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மறுநாள் மதியம் என் கைப்பேசி ஒலித்தது. ஐம்பது வெள்ளிப் பணம் வந்திருந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள்: 'பாப்பா விளம்பரத்துக்கு.' உடனே கூப்பிட்டாள்.

"வந்துச்சா? நானே அனுப்பினேன். உன் நம்பர்தானான்னு நாலு தடவை பார்த்தேன்" என்று சிரித்தாள். அவள் அனுப்பிய முதல் பணம் அது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "வந்துச்சுக்கா, போட்டுடறேன்" என்று சொன்னேன்.

போடவில்லை. போட்டால் அந்த மருமகளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா ஒருநாள் கேட்டாள், "எனக்கு அந்த விளம்பரம் தெரிய மாட்டேங்குதே பாப்பா?" நான் சொன்னேன், "அது லாபிஸ்காரங்களுக்கு மட்டும்தான்கா தெரியும். நீ பெர்மாஸ்ல இருக்கேல்ல." அவள் நம்பினாள். நான் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தினமும் கேட்பதை நிறுத்திவிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்பாள். "ஓடுதுக்கா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் காசு எடுக்குது." அவ்வளவுதான். அப்படியே இரண்டரை மாதம் போனது. எனக்கும் அது பழகிப்போனது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாபிஸ் மருமகளிடமிருந்து மறுபடியும் செய்தி வந்தது. 'அத்தை நேற்று இறந்துவிட்டார். வியாழக்கிழமை அடக்கம். உங்கள் அக்காவைக் கூட்டி வாருங்கள். என் கணவரிடம் நான் பேசிவிட்டேன். அன்று அழிக்கச் சொன்னது என் தவறு.'

காரை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வேலை செய்யும் பள்ளிக்குப் போனேன். அவள் ஏப்ரனைக் கழற்றாமலே வெளியே வந்தாள். அப்போதும் நான் முழுதும் சொல்லவில்லை. "அக்கா, அவங்க வீட்டுல இருந்து ஆள் கிடைச்சிருக்கு. உன்னைப் பெத்தவங்க நேத்து தவறிட்டாங்களாம். வரச் சொல்றாங்க" என்றேன்.

அக்கா பள்ளி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நேத்தா?" என்றாள். "நேத்து வரைக்கும் இருந்தாங்களா?"

புதன்கிழமை காலை கிளம்பினோம். அக்கா வெள்ளைப் பருத்திச் சுடிதார் போட்டிருந்தாள். சீனர் சாவு வீட்டில் என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது என்று பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கேட்டு வந்திருந்தேன். உறையில் போட்டுக் கொடுக்கும் மொய்க்காசு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்றார். யோங் பெங் தாண்டும் வரை அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்:

"நல்ல வேளை பாப்பா, நாம விடாம போட்டுக்கிட்டே இருந்தோம். இல்லைன்னா சாவுக்குக்கூட தெரிஞ்சிருக்காது."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். வட்ட மேசைகள், நிலக்கடலைத் தட்டுகள், ஒரு மின்விசிறி. நாங்கள் இறங்கியதும் பேச்சு நின்றது. அங்கே நின்ற இரண்டு ஆண்கள் அக்காவின் முகமாகவே இருந்தார்கள். அதே அகன்ற நெற்றி, கொஞ்சம் தூக்கிய இடது புருவம். நான் பிறந்ததிலிருந்து அந்த முகம் உலகத்தில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஒருவர் அக்காவிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் மருமகள் உள்ளேயிருந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியானவர், கண் வீங்கியிருந்தது. அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சவப்பெட்டியின் மேல்பக்கம் கண்ணாடி வைத்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தமிழ்ச் சாவு வீட்டில் அவள் வாய்விட்டு அழுபவள். அம்மாவுக்கு அப்படித்தான் அழுதாள். இங்கே எப்படி அழுவது என்று தெரியாமல் நின்றாள். கையில் ஊதுபத்தி கொடுத்தார்கள். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துச் செய்தாள்.

பிறகு ஒரு ஓரத்தில் இறந்தவருக்காக எரிக்கும் பொன்நிறக் காகிதத்தைப் பெண்கள் மடித்துக்கொண்டிருந்த இடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். மருமகள் அக்காவுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மடித்துக்கொண்டே, மலாயில், மெதுவாகப் பேசினார்.

"முதல் சில நாள் அழுதார். நான் பயந்துவிட்டேன். பிறகு அழுகை நின்றுவிட்டது. தினமும் காலையில் காப்பி குடித்ததும் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டு என்பார். நான் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டுவேன். வராது. நான்தானே அழிக்கச் சொன்னேன், எப்படி வரும்? அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போய்விட்டது அத்தை என்பேன். கடைசியில் ஒருநாள், 'அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மனம் மாறி எடுத்துவிட்டாள்' என்றார். அதன் பிறகு கேட்கவில்லை."

அக்காவின் கை காகிதத்தின் மேல் நின்றது.

"எப்போது அழித்தது?" என்று மலாயில் கேட்டாள்.

"நான் கேட்ட அன்றைக்கே. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை" என்ற மருமகள் என்னைப் பார்த்து நன்றியுடன் தலையசைத்தார். "உங்கள் தங்கை நல்லவர்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த காகிதத்தை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மடித்தாள். அந்த மதியம் முழுதும் மடித்துக்கொண்டே இருந்தாள். அவளோடு பிறந்த மூன்றாவது அக்கா மார்பில் நோய் வந்து இறந்தவர் என்று மருமகள் சொன்னபோது மட்டும் ஒருமுறை தலை நிமிர்ந்தாள். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடக்கம் வரை இருக்காமல் அன்று மாலையே திரும்பும்போது, ஊரைத் தாண்டி இரு பக்கமும் செம்பனைத் தோட்டம் வந்த பிறகு, காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"எத்தனை நாள் ஓடுச்சு?"

"அஞ்சு நாள்."

"நான் அனுப்புன அம்பது வெள்ளி?"

"அப்படியே இருக்குக்கா."

தலையை ஆட்டினாள். லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது.

"ஏன் பாப்பா?"

நான் சொன்னேன். மருமகள் எழுதியதை, அவள் உடைந்துபோவாளே என்று நினைத்ததை. அதெல்லாம் சொன்ன பிறகும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மிச்சத்தையும் சொன்னேன். "நீ அவங்க கூடப் போயிடுவேன்னு பயந்தேன்கா."

"எங்கடி போயிருப்பேன்?" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்கு அவங்க பாஷை ஒரு வார்த்தை தெரியுமா? அந்த வீட்டுல போய் நான் என்ன பேசிக்கிட்டு உக்காந்திருப்பேன்? ஒரு தடவை பார்த்திருப்பேன். எனக்குக் கோபம் இல்லம்மா, என்னை நல்லா வளர்த்தாங்கன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். அதுக்கு எனக்குத் தெரிஞ்ச மலாய் போதும்லா. அவங்க நிம்மதியாப் போயிருப்பாங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எப்போதும் நான் அழுதால் அவள் கை தானாக என் முதுகுக்கு வரும். அன்று வரவில்லை. "வண்டியை எடு, இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றாள்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா என்னோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் எடுக்கிறாள். என்ன சமைத்தாய், பிள்ளைகள் எப்படி என்று கேட்கிறாள். ஆனால் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. வேறு பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. "ஹலோ" என்று தொடங்கி நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறாள். சீனர்கள் கல்லறைக்குப் போகும் மாதத்தில் மகனுடன் லாபிஸுக்குப் போய் வந்திருக்கிறாள். மருமகளோடு கல்லறைப் புல்லை வெட்டிச் சுத்தம் செய்தாளாம். அதை அவள் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்புப் பரிசோதனைக்கும் இப்போது அவனோடுதான் போகிறாள்.

போன தீபாவளிக்கு அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். வழக்கம்போலத்தான். என் பதினெட்டு வயதிலிருந்து அவளுக்கு நான்தான் தைக்கிறேன். அளவு எடுக்கவே வேண்டாம். பெர்மாஸ் ஜெயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"கூலி எவ்வளவு?"

"என்னக்கா இது?"

"இல்ல, நீயும் இதை வச்சுத்தானே பொழைக்கிறே."

நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பையில் கைப்பேசி ஒலித்துவிட்டது. என் பக்கத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து, சரியாக அதையே அனுப்பியிருந்தாள். குறிப்பு எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வாரம் அம்மாவின் திதி. முதல்நாளே வந்து தங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துவிடலாம் என்று நேற்று கேட்டேன். வேலை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றாள். நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். வேண்டாம், பஸ் இருக்கிறது என்றாள்.